வாசிக்காத மூன்றாம் ஓலை

ஜூன் 29, வியாழன். இராயப்பர் சின்னப்பர் திருநாள்

பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது, மாதாவுக்குத் தோத்திரம். அண்ணன் மகள் செலினுக்கு வலது கண்ணில் ஆபரேஷன் முடிந்து மூன்று நாள் ஆகிறது. விழித்திரை கிழிந்துவிட்டதாம். உள்ளே காற்று அடைத்து ஒட்டியிருக்கிறார்கள். அந்தக் காற்று சரியான இடத்தில் அழுத்திப் பிடிக்க வேண்டுமானால் இன்னும் இரண்டு வாரம் குப்புறவே கிடக்க வேண்டும். சாப்பிடும்போதும் குனிந்த தலைதான். முப்பது வயதுப் பிள்ளை கட்டிலில் கவிழ்ந்து கிடக்கிறது. பார்க்கவே பாவமாக இருக்கிறது.

அடுத்த மாதம் 23-ஆம் தேதி அவளுக்கு வாத்தியார் வேலைக்குப் பரீட்சை. சரித்திரப் பாடம். இதற்கு முன் இரண்டு தடவை ஒன்றிரண்டு மார்க்கில் போய்விட்டது. இப்போது கண்ணால் படிக்கக் கூடாது. “அத்தை, நீங்க என் நோட்டைச் சத்தமா வாசிங்க, போதும். காதால பிடிச்சிக்கிடுதேன்” என்கிறாள். நான் எட்டாவதோடு நின்றவள். ஆனாலும் எங்கள் ஊர்க் கோவிலில் ஞாயிற்றுக்கிழமை வாசகம் வாசிக்கிறது நான்தான். மைக்கே வேண்டாம் என்பார் சாமியார்.

கட்டில் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் அவளுக்கு என் பாதம் மட்டும்தான் தெரியும்.

31-ஆம் தேதி பூசைக்குப் பேர் கொடுக்க ஊரில் சொல்லிவிட்டு வர மறந்துவிட்டேன். வருஷா வருஷம் இன்னாசியார் திருநாளுக்குக் கொடுக்கிற பூசை. யாருக்கென்று இங்கே எழுத வேண்டியதில்லை.

ஜூன் 30, வெள்ளி

காலையில் கஞ்சி, துவையல். பத்து மணிக்குப் பாடம்.

‘மறுமலர்ச்சி’ என்று தலைப்பு. இத்தாலியில் ஆரம்பித்ததாம். மண்ணுக்குள்ளும் மடத்துப் பெட்டிக்குள்ளும் கிடந்த பழைய கிரேக்கப் புத்தகங்களை எடுத்துத் தூசி தட்டிப் படித்தார்களாம். மனுஷனைப் பற்றி மனுஷனே யோசித்தானாம். அச்சு இயந்திரம் வந்ததும் அந்தப் படிப்பு கப்பலேறி இங்கிலாந்துக்கும் போயிருக்கிறது. அங்கே எட்டாம் ஹென்றி என்று இளவயசு ராஜா. நாலு பாஷை தெரியும், பாட்டுக் கட்டுவார், குதிரை ஏறுவார். பாப்பரசருக்காக எழுதி, அதற்காகப் பாப்பரசரே அவருக்கு விசுவாசக் காவலர் என்று பட்டம் கொடுத்திருக்கிறார்.

“நல்ல பிள்ளையாட்டுல்லா இருக்கான்” என்றேன்.

செலின் தலையணைக்குள் சிரித்தாள். “பொறுங்க அத்தை. இன்னும் நாலு பக்கம் போகட்டும்.”

ஜூலை 2, ஞாயிறு

பூசைக்குப் போனேன். வரும்போது மீன் வாங்கினேன். மார்க்கெட் பக்கத்தில்தான், ஆனால் சுற்று வழியாக நடந்தேன். நடப்பது முழங்காலுக்கு நல்லது. ஒரு பச்சை கேட் வீட்டு வாசலில் ஆக்சிஜன் சிலிண்டர் இறக்கிக்கொண்டிருந்தார்கள். யார் வீடோ. ஓர் அருள்நிறை மரியே சொல்லிவிட்டு வந்தேன்.

சாளை மீன் முள் அதிகம். செலினுக்கு உதிர்த்துக் கொடுத்தேன்.

ஜூலை 4, செவ்வாய்

இன்று கத்தரீன் ராணி பாடம். இவர் ஸ்பெயின் நாட்டு ராஜா மகள். எங்கள் இன்னாசியார் பிறந்த நாடு. நன்றாகப் படித்தவர், படித்தவர்களை ஆதரித்தவர். முதலில் ஹென்றியின் அண்ணனுக்குத்தான் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். அவர் ஐந்தே மாதத்தில் இறந்துபோனார். பிறகு தம்பிக்குக் கட்டிவைத்தார்கள். ஒரே ஒரு மகள்தான் தங்கியது. ராஜாவுக்கு ஆண் பிள்ளை வேண்டும், அரண்மனையில் வேறொரு பெண்ணையும் பார்த்துவிட்டார். அப்போது வேதத்திலிருந்து ஒரு வசனத்தைத் தேடிப் பிடித்தாராம். அண்ணன் மனைவியை எடுத்தால் பிள்ளை தங்காது, ஆகவே இது கலியாணமே இல்லை என்று.

  அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வந்து எழுந்து போனேன். திரும்பி வந்து வாசித்தேன்: “பாப்பரசர் ஒப்புக்கொள்ளவில்லை. ராஜா மனந்திரும்பினார். ராணி கடைசிவரை அரண்மனையில் ராணியாகவே இருந்தார்.”



“அத்தை, அந்தப் பக்கத்துல அப்படியா போட்டிருக்கு?”

“உன் கையெழுத்து கோழி கிளறினாப்ல இருக்கு. என்ன எழவு எழுதியிருக்கியோ.”

“சரி. உங்க கால் விரல் ஏன் இப்படி மடங்கி மடங்கி நிமிருது?”

காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டேன். கொசு.

ஜூலை 6, வியாழன்

உள்ளது உள்ளபடி வாசித்தேன். பிள்ளையின் பரீட்சையில் என் அபிப்பிராயத்தை எழுத முடியாது.

பாப்பரசர் சம்மதிக்காததால் திருச்சபைக்கு நானே தலைவன் என்று ராஜா சட்டம் போட்டுவிட்டார். மடங்களை மூடினார். ராணியைத் தூரத்து வீட்டுக்கு அனுப்பினார். மகளைப் பார்க்கவும் விடவில்லை. இனிமேல் நீ ராணி இல்லை, இறந்துபோன மூத்த இளவரசரின் விதவை என்று ஒரு பட்டமும் கொடுத்தார். அந்தப் பேர் எழுதிய காகிதம் வந்தபோது ராணி பேனாவால் அந்த இடத்தைக் குத்தி அடித்தாராம். அந்தப் பேரால் கூப்பிட்ட வேலைக்காரர்களைச் சேர்க்கவில்லையாம்.

“சபாஷ்” என்று சொல்லிவிட்டேன், கொஞ்சம் சத்தமாக.

இன்னொன்றும் இருந்தது. வேறொருத்தியோடு பழகின பிறகும் ராஜாவுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தது கத்தரீன்தானாம். அளவெடுக்க யார் கூப்பிட்டார்கள் என்று கேட்கத் தோன்றும். அளவு எதற்கு? கைக்கே தெரியுமே. நானும் வருஷத்துக்கு ஒரு வெள்ளைச் சட்டை தைக்கிறேன், மார்பு நாற்பது, காலர் பதினைந்தரை. ஏழைகளுக்குக் கொடுப்பதற்காக.

“அப்போ பிராட்டஸ்டண்டு கோவில் எல்லாம் இவன் பொண்டாட்டியத் தள்ளினதுல வந்ததுதானாட்டி?” என்று கேட்டேன்.

“அப்படிச் சொல்லிப் பரீட்சையில எழுதினா முட்டைதான் அத்தை. அவங்கவங்க பாஷையில வேதம் வாசிக்கணும்னு ஜனங்களுக்கு எவ்வளவு ஆசை இருந்துச்சு. அச்சு வந்துச்சு, படிப்பு வந்துச்சு. அதுக்காக உயிரைக் கொடுத்தவங்களும் உண்டு, பாப்பரசருக்காகத் தலையைக் கொடுத்தவங்களும் உண்டு. அந்த வேத வாசிப்புலதான் இங்கிலீஷே செழிச்சுது. ஹென்றியோட சின்ன மக ராணியா இருக்கும்போது நாடகமும் பாட்டுமா ஊரே நிறைஞ்சுது.”

யோசித்தால் நானும் தமிழில்தான் வேதம் வாசிக்கிறேன். என் அம்மா லத்தீன் பூசைக்கு முழங்காலில் நின்றவள், ஒரு வார்த்தை புரியாது. அது வரைக்கும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு பக்கம் மட்டும் மனசைப் பிசைகிறது. ராஜாவின் மகன் காலத்தில், இறந்தவர்களுக்கு ஒப்புக்கொடுக்கிற பூசையையே நிறுத்திவிட்டார்களாம். செத்தவனுக்காக வேண்ட வேண்டாம் என்று. அப்படியானால் அந்தக் கோவிலில் சேர்ந்து சாகிறவனுக்காக யார் வேண்டுவார்கள்?

ஜூலை 8, சனி

மாவு அரைத்துக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒரு பெண். இருபத்துநாலு வயது இருக்கும். முகத்தைப் பார்த்ததும் கை ஈரத்தைத் துடைக்கக்கூட மறந்தேன். அந்த மூக்கு, அந்தப் புருவம்.

“சவரியம்மா பெரியம்மா நீங்கதானே? நான் ஷர்லி. மூணாவது தெரு, பச்சை கேட்டு வீடு. அப்பாவுக்கு நெஞ்சு ரொம்ப முடியலை. நீங்க எங்க தெருப்பக்கம் நடந்து போனதை ஜன்னல் வழியா அப்பா பார்த்திருக்காவ. ‘அண்ணி வந்திருக்கா, ஒருதரம் கூட்டிட்டு வா’ன்னாவ.”

“யாரு வந்திருக்கான்னு சொன்னாரு?”

“அண்ணின்னு. நீங்க செத்துப்போன பெரியப்பாவோட வீட்டுக்காரிதானே?”

செலின் கட்டிலிலிருந்து தலையைத் தூக்கப் பார்த்தாள். “படு!” என்று அதட்டினேன். பெண்ணுக்குத் தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள்.

“அடுத்த மாசம் எனக்குக் கலியாணம் பெரியம்மா. அதுக்கு முன்னால உங்ககிட்ட என்னமோ பேசணும்னு அப்பா துடிக்காவ.”

“உங்கப்பாட்ட போய்க் கேளு, நான் யாருன்னு. அதை அவரு வாயால சரியாச் சொல்லி அனுப்பினா வாரேன். இல்லாட்டி வரமாட்டேன்னு சொல்லு.”

பெண் ஒன்றும் புரியாமல் திரும்பிப் போனது. பாவம், அது என்ன செய்யும்.

சாயந்திரத்துக்குள் மாவு பொங்கி வழிந்துவிட்டது.

ஜூலை 9, ஞாயிறு

எழுதித் தொலைக்கிறேன்.

எனக்கு முதலில் பேசியது அந்தக் குடும்பத்து மூத்தவரை. கலியாணத்துக்கு முன்னால் கோவிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. எங்களுக்கு இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவது ஞாயிற்றுக்கு முந்தின வெள்ளிக்கிழமை அவர் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். நான் அவரோடு ஒரு வார்த்தைகூடப் பேசினதில்லை. ஒரு வருஷம் கழித்து, தம்பி இன்னாசிமுத்து அவராகவே கேட்டு வந்தார். மூன்று ஓலையும் முறையாக வாசித்து, பூசையில் தாலி கட்டினார்.

ஒன்பது வருஷம். பிள்ளை இல்லை. ஒன்பதாவது வருஷம் ஒருநாள், “அண்ணனுக்கு ஓலை வாசிச்ச பொண்ணைக் கட்டினேன் பாரு, அதான் சாபம்” என்றார். இது கலியாணமே இல்லை என்று ஆயர் ஆபீசில் சொல்லக் கூப்பிட்டார். நான் போகவில்லை. பஸ் டிரைவர் உத்தியோகம், பாளையங்கோட்டைக்கு மாற்றல். அங்கே ஜெபக்கனி என்று ஒருத்தி, பிராட்டஸ்டண்டு, அவர்கள் கோவில், புதுக் கலியாணம். அங்கே என்ன சொல்லிக் கட்டினார் என்பது இருபத்தாறு வருஷம் கழித்து நேற்றுத்தான் தெரிந்தது. அண்ணியாம்.

நான் இன்னும் தாலியைக் கழற்றவில்லை. யார் கேட்டாலும் இன்னாசிமுத்துவின் மனைவி என்றுதான் சொல்லியிருக்கிறேன். ரேஷன் கார்டிலும் அப்படித்தான்.

இன்று பாடம் வாசிக்கவில்லை.

ஜூலை 11, செவ்வாய்

ஷர்லி மறுபடி வந்தாள். கண் வீங்கியிருந்தது.

“கேட்டேன் பெரியம்மா. அப்பா ஒண்ணும் சொல்லலை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கிட்டாவ. அழுதாவ. அம்மா என்னை வெளியே போகச் சொல்லிட்டாவ. எங்க வீட்டுல எல்லாரும் எதையோ மறைக்காவ.”

“சொன்னாத்தான் வருவேன்.”

போய்விட்டாள். அப்புறம் ராணியின் சாவுப் பக்கம். ஜனவரி மாதம், குளிர், தூரத்து வீடு. ராஜா பார்க்க வரவேயில்லை.

“கடைசி வரைக்கும் பேரை விட்டுக்கொடுக்கலை அத்தை, அந்தம்மா” என்றாள் செலின் தலையணைக்குள்ளிருந்து. “அடக்கம் பண்ணும்போது என்ன பேரு சொல்லி அடக்கம் பண்ணினாங்க தெரியுமா? மூத்த இளவரசரோட விதவைன்னுதான்.”

“அது அவனுங்க சொன்னது. அந்தம்மா சொல்லலைலா?”

“சொல்லலை. ஆனா அவங்களுக்கு ஒரு தடவை அவரைப் பார்க்கணும்னு இருந்திருக்கும்லா அத்தை?”

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாய் நீளம்.

ஜூலை 12, புதன்

பெட்டியில் இந்த வருஷத்துச் சட்டை இருக்கிறது. பித்தான் மட்டும் தைக்க வேண்டியிருந்தது. தைத்துவிட்டேன். நாளைக்குப் பூசை முடிந்து அப்படியே மூன்றாவது தெருவுக்கு ஒரு எட்டுப் போகலாம் என்று இருக்கிறேன். பேர் சொல்லாவிட்டால் போகட்டும். நோயாளியைச் சந்திப்பது இரக்கச் செயல்.

ஜூலை 13, வியாழன்

விடியற்காலம் நாலு மணிக்கே முடிந்துவிட்டது.

பூசையிலிருந்து போனபோது பச்சை கேட்டில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே பெட்டியில் இருந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்கள், கடையில் வாங்கியது. காலருக்கும் கழுத்துக்கும் நடுவே நாலு விரல் நுழையும். இவ்வளவு மெலிந்திருப்பார் என்று என் கைக்குத் தெரியவில்லை. நான் கொண்டுபோன சட்டையும் பெரிதாகத்தான் இருந்திருக்கும். பையை அக்குளில் இடுக்கிக்கொண்டேன்.

அவர்கள் கோவிலில் அடக்கத்தின்போது இறந்தவரின் ஜீவிய சரித்திரம் வாசிப்பார்களாம். எங்கே பிறந்தார், யாரைக் கட்டினார், பிள்ளைகள் யார் என்று. கோவில் பெரியவர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து அதை எழுதிக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஷர்லிக்கு மாப்பிள்ளை வீட்டு ஆட்கள். மாப்பிள்ளையின் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். என் கழுத்தையும் பார்த்தாள்.

பெரியவர் கண்ணாடியை இறக்கி, “அம்மா, நீங்க யாரு? இவருக்கு என்ன முறை வேணும்? எழுதணும்” என்றார்.

பாயில் உட்கார்ந்திருந்த ஜெபக்கனி அழுகையை நிறுத்தினாள். அவளுக்குத் தெரியும். இருபத்தாறு வருஷம் இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். இவ்வளவு பேர் முன்னால், எழுதுகிறவர் பேனாவோடு கேட்கிறார். ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் அந்தக் காகிதத்தில் ஏறும், கோவிலில் வாசிப்பார்கள்.

ஷர்லி பெட்டியின் கால்மாட்டில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மூக்கு, அந்தப் புருவம்.

“அண்ணி” என்றேன். “இவுக அண்ணனுக்குப் பேசின பொண்ணு.”

பெரியவர் எழுதினார்.

ஜெபக்கனி பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். உட்கார்ந்தேன். அவளுடைய அண்ணன் வந்து அவள்மேல் கோடிச் சேலை போர்த்தினார். அதன் நுனி என் மடியில் விழுந்தது. எடுத்து அவள் பக்கம் போட்டேன்.

“பெரியம்மா, காப்பி குடிக்கீங்களா?” என்று ஷர்லி கேட்டாள். குடித்தேன். சர்க்கரை அதிகம்.

வீட்டுக்கு வந்ததும் செலின் கேட்டாள். “அங்க என்ன சொன்னீங்க அத்தை?”

“தெரிஞ்சவங்கன்னு சொன்னேன்.”

அவள் என் பாதத்தையே பார்த்தாள். இந்தத் தடவை அது அசையவே இல்லை.

ஜூலை 15, சனி

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சாவு வீட்டில் பொய் சொன்னேன் சாமி என்றேன்.

“யாருக்காவது கெடுதல் வந்துச்சாம்மா?”

“எனக்குத்தான் சாமி.”

  வலைத் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து பரலோக மந்திரம் ஒன்று சொல்லச் சொன்னார். ஒன்றே ஒன்று.

செலின் நிமிர்ந்து உட்காரலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஜூலை 23, ஞாயிறு

பரீட்சை முடிந்தது. கறுப்புக் கண்ணாடியோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

“நல்லா எழுதியிருக்கேன் அத்தை. கத்தரீனும் வந்தாங்க. தள்ளி வச்ச பிறகு அவங்களுக்கு என்ன பட்டம்னு கேட்டிருந்தான்.”

“சரியா எழுதினியா?”

“எழுதினேன். ராணிதான்னு எழுதத்தான் ஆசை. மார்க்கு போயிரும்லா.”

இப்போது அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கிறாள். பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பையிலிருந்து ஒரு சேலையை எடுத்துக் கொடுத்தாள். வரும் வழியில் வாங்கினாளாம், வாசித்துக் கொடுத்ததற்கு. வெள்ளையில் மெல்லிய நீலக் கரை. பிரித்து என் தோளில் அவளே போர்த்தினாள். பிறகு போய் முகம் கழுவிக்கொண்டாள். 

ஜூலை 29, சனி

ஊர் வந்தேன். வீடெல்லாம் ஒட்டடை. சாயந்திரம் கோவிலுக்குப் போனேன். பூசைக்குப் பேர் எழுதுகிற கோயில்பிள்ளை நோட்டைத் திறந்து, தலையைத் தூக்காமலே, “முப்பத்தொண்ணாம் தேதி பூசை, வழக்கம்போல ‘ஒரு குடும்பத்தின் கருத்துக்காக’தானே அக்கா?” என்றார்.

“நோட்டை இங்க தாரும்” என்றேன். நானே எழுதினேன். வாசித்துவிட்டு அவர் பேனா மூடியைத் தேடிக்கொண்டே இருந்தார்.

ஜூலை 31, திங்கள். இன்னாசியார் திருநாள்

ஐந்தரை மணிப் பூசை. என்னோடு ஏழு பேர். நீலக் கரைச் சேலை உடுத்திப் போனேன். கழுத்து லேசாக இருந்தது.

பூசைக்கு முன் சாமியார் காகிதத்தைப் பார்த்து, இருமிவிட்டு வாசித்தார்: “இறந்த இன்னாசிமுத்துவின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. ஒப்புக்கொடுப்பவர், அன்னாரின் மனைவி சவரியம்மாள்.”

 தடை தெரிந்தவர்கள் யாரும் எழுந்து நிற்கவில்லை.